காற்று செய்யும் வேலை

பெட்டி திறந்திருக்கிறது.

ஒரு மரக்கட்டை. எட்டுப் பட்டை கொண்ட இரும்புக் குழல். விசைப்பொறி. பித்தளைத் துண்டுகள். சின்னப் பையில் திருகுகள்.

எண்ணெய்த்தாளின் மணம் மெல்ல எழுகிறது.

கை இன்னும் எதையும் எடுக்கவில்லை.

*

லான்காஸ்டர், பென்சில்வேனியா. பனி உருகும் மாதம்.

கார் கொட்டகையில் ஒரு மேசை. ஒரு வைஸ். கழுத்து வளையும் விளக்கு ஒன்று.

வெளியே குதிரை வண்டி போகிறது. ஆமிஷ் சமயக்குழு வீட்டார். குளம்பொலி தார்ச்சாலையில் நெடுந்தூரம் கேட்கிறது.

கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு இல்லை.

*

வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் கைத்துப்பாக்கி. உதிரிகளாக வருகிறது. மரம் முரடாக, இரும்பு வெளிறி, பித்தளை வார்த்தது வார்த்தபடி. ராவுவதும் பொருத்துவதும் நிறமேற்றுவதும் வாங்கியவர் பாடு.

குழல் 10 அங்குலம். வாய் அரை அங்குலம். செய்தது ஸ்பெயினில். பக்கவாட்டில் சோதனைச் சாலையின் முத்திரை. அதன் அருகே, கருமருந்து மட்டும் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது.

வடிவம் இந்தப் பக்கத்து வடிவம். ஜெர்மன் நாடுகளிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் இங்கே வளர்த்தது. ஜேக்கப் டிக்கர்ட்டின் பட்டறை லான்காஸ்டரில் இருந்தது. 1740இல் பிறந்தவர். 1822இல் இறந்தார்.

அந்தப் பட்டறையின் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வருகிறது.

அரத்தின் சத்தம் மாறியிருக்காது.

நினைப்பு போகிறது.

*

பெட்டி தபாலில் வந்தது. வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், 1898 வரை செய்த துப்பாக்கிகளையும் வாய்வழி மருந்திடும் இந்த வகையையும் பழம்பொருள் என்று தனியே பிரிக்கிறது. மாநிலங்களின் சட்டங்கள் வேறு வேறு.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அங்கே நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

மேசையில் ஒரே பொருள். விளக்கின் கீழ் அதன் நிழல் சிறியது.

*

கட்டையைத் தூக்குகிறேன்.

எதிர்பார்த்ததைவிடக் கனம்.

பீச் மரம். வெளிர் நிறம். இழை நெருக்கம். குட்டைக் குட்டையாகப் பழுப்புக் கீற்றுகள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஐரோப்பியத் தச்சர்கள் இழைப்புளி செய்ய எடுத்த மரம் இதுதான். தேயாது. அழகுக்கு என்று யாரும் தேடிப் போவதில்லை.

லான்காஸ்டர் கொல்லர்கள் எடுத்தது மேப்பிள். அதிலும் இழை சுருண்ட மரம். விளக்கு நகர்ந்தால் அதன் வரிகளும் நகரும்.

பீச்சில் எதுவும் நகர்வதில்லை.

அதுவும் பார்க்க நன்றாக இருக்கிறது.

*

கட்டை தடித்திருக்கிறது. ஆலை எந்திரம் மரத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்து அனுப்புகிறது. அந்த மிச்சத்துக்குள்தான் வாங்கியவரின் விருப்பம் எல்லாம்.

பிடி வளைந்து ஏறி, பொறிக்குப் பின்னே ஒடுங்கும் இடம் கழுத்து. மர அரம் அங்கே நெடுநேரம் இருக்கிறது.

கை மூடுகிறது. கட்டைவிரலின் அடியில் ஒரு மேடு.

அரம்.

மேடு இல்லை.

*

மரத்தூள் விளக்கொளியில் இறங்குகிறது. இறங்க அவசரமில்லை.

*

பொறித் தகடு மரக்குழியில் உட்கார வேண்டும். எங்கே தடுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் தகட்டைக் காட்டுகிறேன். கரி படிகிறது. குழியில் வைத்து அழுத்தி எடுக்கிறேன்.

மரம் தொட்ட இடத்தில் கறுப்பு. உளி அங்கே மட்டும் போகிறது. ஒரு சீவல். வெற்றிலை நரம்பளவு.

மறுபடி கரி. மறுபடி அழுத்தம். கறுப்பு வேறிடத்தில் தோன்றுகிறது.

குழி முழுக்கக் கறுப்பு சமமாக ஒட்டும்போது, தகடு உட்கார்ந்துவிட்டது.

இடையில் மூச்சு நின்றிருக்கிறது. இப்போது தெரிகிறது.

*

மழை.

கூரைத் தகரத்தில் முதலில் தனித்தனியாக. பிறகு எண்ண முடியாமல்.

*

விசைக்காப்பு பித்தளை. வார்ப்பின் இரண்டு அச்சும் கூடிய இடத்தில் ஒரு கோடு, வளையம் முழுக்க ஓடுகிறது.

அரம் அதன் மேல். கோடு மெலிகிறது. ஓரிடத்தில் அறுகிறது. பிறகு இங்கும் அங்கும் சிறு துண்டுகளாக மிஞ்சுகிறது.

கடைசித் துண்டு போனதும் வளையம் ஒன்றாகிறது.

பொடி விரல் ரேகைகளில் ஏறியிருக்கிறது. மஞ்சள்.

*

கையை முகர்ந்தால் உலோக மணம்.

இரும்புக்கு மணமில்லை. தோலின் எண்ணெய் உலோகத்தைத் தொட்டுச் சிதையும் மணம் அது. இரும்பின் மணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது உடம்பின் மணம்.

*

குழலின் பட்டைகளில் ஆலை விட்டுப்போன கோடுகள். குறுக்கே ஓடுகின்றன. நகம் வைத்தால் தட்டுகிறது.

அரத்தின் பல்லில் சுண்ணக்கட்டியைத் தேய்க்கிறேன். இரும்புத் துணுக்கு பல்லிடையில் சிக்கிக் கீறாமல் இருக்க.

அரத்தைக் குறுக்காகப் பிடித்து, இரு கையாலும் நெடுக இழுக்கிறேன்.

இழுப்பு. தூக்கல். திரும்ப வைத்தல். இழுப்பு.

வெள்ளிக் கம்பியாய்ச் சுருண்டு இரும்பு உதிர்கிறது.

ஒரு பட்டை முடிகிறது. வைஸைத் தளர்த்தி, திருப்பி, இறுக்குகிறேன். அடுத்த பட்டை அதே கோடுகளோடு மேலே வருகிறது.

*

பட்டையும் பட்டையும் கூடும் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். தேய்ப்பு கூடினால் விளிம்பு உருண்டுவிடும். பிறகு எட்டுப் பட்டையும் ஒன்றில் ஒன்று கரைந்து எதுவும் நிற்காது.

எங்கே நிறுத்துவது என்று கை கேட்கிறது.

பதில் வருவதற்குள் நிறுத்தியிருக்கிறது.

*

உப்புத்தாள். 220. 320. 400.

எண் ஏற ஏறச் சத்தம் இறங்குகிறது. முதலில் உரசல். பிறகு சரசரப்பு. பிறகு மூச்சளவு.

அதற்கு மேல் சத்தமில்லை. தேய்ப்பது மட்டும் நடக்கிறது.

*

குழலுக்குள் பார்க்கிறேன். பொறி தனியே மேசையில் கிடக்கிறது. வெறும் குழல்.

இருட்டு. இருட்டின் ஓரத்தில் சுழன்று இறங்கும் வரிகள். இந்தப் பத்து அங்குலத்துக்குள் அரைச் சுற்று.

வெளியே ராவலாம், நிறம் ஏற்றலாம், மெழுகு பூசலாம். உள்ளே செய்ய எதுவும் இல்லை.

குழலின் வேலை முழுவதும் அந்த இல்லாத இடத்தில்.

*

ஈரத்துணியால் கட்டையைத் துடைக்கிறேன். மரம் இருள்கிறது. இழை ஒருமுறை தெளிவாகத் தெரிந்து மறைகிறது.

காயவிடுகிறேன்.

காய்ந்த பின் தடவினால் சொரசொரப்பு. தண்ணீர் குடித்த இழைகள் நுனி தூக்கி நிற்கின்றன. வழவழப்பாக இருந்த அதே இடம்.

தாளால் நுனிகளை எடுக்கிறேன். மறுபடி ஈரம். மறுபடி எழுகின்றன, முன்னைவிடக் கொஞ்சமாக.

ஒரு கட்டத்துக்குப் பிறகு நனைத்தாலும் மரம் எழுவதில்லை.

*

காத்திருக்கும்போது செய்ய ஒன்றுமில்லை.

ஒன்றும் செய்யாமல் இருக்கவும் சிறிது பழக்கம் வேண்டியிருக்கிறது. கை துணியை மடிக்கிறது. பிரிக்கிறது. மடிக்கிறது.

*

கண்ணாடிச் சீசாவில் வினிகர். உள்ளே எஃகுக் கம்பளி கரைந்துகொண்டிருக்கிறது. மூடியை இறுக்கவில்லை. வாயு வெளியேற வேண்டும்.

சின்னக் குமிழிகள். ஒவ்வொன்றாக.

*

பீச்சில் துவர்ப்புச் சத்து குறைவு. இரும்பு நீர் மட்டும் தொட்டால் நிறம் ஏறாது.

கடுந்தேநீர் கொதிக்கிறது. பால் இல்லை. ஆறியதும் தூரிகையில் எடுத்துக் கட்டை முழுக்கப் பூசுகிறேன். மரத்திலிருந்து தேயிலை மணம்.

காய்கிறது.

இப்போது இரும்பு நீர்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை.

பிறகு சாம்பல். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு பழுப்பு. பழுப்பு ஆழ்கிறது. கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது.

கட்டையின் வெட்டுமுனைகள் அதிகம் குடித்து அதிகம் கறுக்கின்றன.

*

கலம்காரித் துணியில் கறுப்பு இப்படித்தான் வருகிறது. காளஹஸ்தியில், கருப்பூரில். கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணி. இரும்பும் வெல்லமும் பல நாள் ஊறிய நீர். தூரிகை தொடும்போது கோடு வெளிறியே இருக்கும். காற்றுப் பட்டுக் கறுக்கும்.

துவர்ப்பு. இரும்பு. காற்று.

எந்த ஊரிலும் இந்த மூன்றும் சந்தித்தால் கறுப்பு.

*

ஆளிவிதை எண்ணெய்.

உள்ளங்கையில் கொஞ்சம். கட்டையின் மேல் கை போய் வருகிறது. தேய்க்கத் தேய்க்கச் சூடு. எது கையின் சூடு, எது மரத்தின் சூடு, பிரிக்க முடியவில்லை.

கீழிருந்து நிறம் மேலே வருகிறது.

மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். மீதி மரத்தோடு.

*

இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டியாகிறது. காயக் காய எடை கூடுகிறது.

கொக்கியில் தொங்கும் கட்டை காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறது.

பார்த்தால் அசைவில்லை.

*

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காயும்போது எழும் சூடு மடிப்புக்குள் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23. பிலடெல்பியா, ஒன் மெரிடியன் பிளாசா. 38 மாடி. 22ஆம் மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகு போட்டவர்கள் விட்டுப்போன ஆளி எண்ணெய்த் துணிகள். சனிக்கிழமை. கட்டடத்தில் அநேகமாக யாரும் இல்லை. துணிகள் தம்பாட்டில் காய்ந்துகொண்டிருந்தன.

தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். எரிந்த கட்டடம் பல ஆண்டு அப்படியே நின்றது. 1999இல் இடித்து முடித்தார்கள்.

*

துணியை விரித்து வேலிக் கம்பியில் போடுகிறேன். ஒற்றை மடிப்பாக. காற்றில் ஆடுகிறது.

*

இரவு. கொட்டகையில் விளக்கில்லை.

எண்ணெய் மணம் இருட்டில் தனியாக இருக்கிறது.

*

குழலுக்கு நிறம் துருதான்.

வேறு நிறம் பூசுவதில்லை. இரும்பைத் துருப்பிடிக்க விட்டு, துருவை ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள்.

சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுகிறேன். கையுறை போட்டாயிற்று. விரல் பட்ட இடத்தில் துரு ஏறாது. பட்டவர் யார் என்று அந்த இடம் காட்டிக்கொண்டே இருக்கும்.

குழல் வாயில் ஒரு மரமுளை. துரு உள்ளே போகக்கூடாது.

*

நீளமான மரப்பெட்டி. அடியில் தட்டு நிறைய வெந்நீர். மேலே குழல் எதையும் தொடாமல் தொங்குகிறது. புட்டு அவிப்பது போன்ற ஏற்பாடு.

துருவேற்றும் நீரை ஒரே இழுப்பில் பூசுகிறேன். திரும்பத் தொடுவதில்லை.

மூடுகிறேன்.

*

மூடிய பெட்டி.

உள்ளே என்ன நடக்கிறது என்று மனம் போய் எட்டிப் பார்க்கிறது. பெட்டிக்குள் எதுவும் வேகமாக நடப்பதில்லை என்று தெரிந்தும் போகிறது.

போய்த் திரும்புகிறது.

மறுபடி போகிறது.

*

மதியம். வெயில் கதவிடுக்கில் ஒரு கோடாக விழுகிறது. கோடு மேசையின் காலைத் தொடுகிறது. ஏறுகிறது.

*

திறக்கிறேன்.

ஆரஞ்சு. மெல்லிய தூளாக, எட்டுப் பட்டையிலும். நேற்று வரை பளபளத்த இரும்பு கைவிடப்பட்ட பொருளாகத் தெரிகிறது.

முரட்டுத் துணியால் தேய்க்கிறேன். ஒட்டாத துரு துணியோடு வருகிறது. ஒட்டியது தங்குகிறது. மங்கலான பழுப்பு.

மறுபடி பூச்சு. மறுபடி பெட்டி.

ஒவ்வொரு முறையும் உதிர்வது குறைகிறது. தங்குவது கூடுகிறது.

*

இந்தக் குழலைக் கொதிநீரில் போட்டால் சிவப்புத் துரு கறுப்பாக மாறும். அதே இரும்பு, அதே ஆக்சிஜன். சேரும் விகிதம் வேறு.

பழுப்பு போதும் என்று தோன்றுகிறது. காரணம் எதுவும் கூடவே வரவில்லை.

*

உலோகம் காற்றில் வெந்து சாம்பலாகும்போது எடை கூடுகிறது. கூடும் எடை காற்றிலிருந்து வருகிறது. தராசில் நிறுத்துக் காட்டியவர் பாரிஸின் லவாசியே. ஆக்சிஜனுக்குப் பெயரிட்டவர்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகிகளில் ஒருவர். வீடும் ஆய்வுக்கூடமும் ஆயுதக் கிடங்கு வளாகத்தில்.

1794 மே 8 அன்று கில்லட்டினில் தலை வெட்டினார்கள்.

*

அவரிடம் தொழில் பழகிய இளைஞர் ஒருவர் கடல் கடந்து வந்தார். இ. ஐ. டு பான்ட். 1802இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் மருந்தாலை தொடங்கினார். வில்மிங்டன் அருகே. இங்கிருந்து தென்கிழக்கே போனால் எட்டிவிடும் தூரம்.

ஆலைக் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கற்சுவர். நான்காம் பக்கம் ஆற்றைப் பார்த்து வலுவில்லாமல் விட்டிருக்கிறது. கூரை இலேசு. வெடித்தால் ஆற்றின் மேல் போகட்டும் என்று.

வெடித்தது. பலமுறை.

1921இல் ஆலை மூடியது. சுவர்கள் நிற்கின்றன. நான்காம் பக்கம் வழியே மரங்கள் தெரிகின்றன. ஆறு தெரிகிறது.

*

அந்த ஆலைக்கு வெடியுப்பு இந்தியாவிலிருந்து வந்தது.

பீகாரில் மண்சுவர்களின் அடியிலும் மாட்டுத் தொழுவங்களின் ஓரத்திலும் மழை ஓய்ந்த பின் வெள்ளையாகப் பூக்கும் உப்பு. நோனியா மக்கள் அதைச் சுரண்டினார்கள். கரைத்தார்கள், வடித்தார்கள், காய்ச்சினார்கள். கங்கை வழியே கல்கத்தா. அங்கிருந்து கப்பல்.

1857இல் அதே குடும்பத்து லாமட் டு பான்ட் தென்னமெரிக்க உப்பைக் கொண்டு பாறை தகர்க்கும் மருந்து செய்யக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி மருந்துக்கு அந்த உப்பு ஆகவில்லை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு தொழுவச் சுவர். அதன் அடியில் வெள்ளைப் பூப்பு. காலையில் யாரோ குனிந்து சுரண்டுகிறார்கள்.

குழல் கையில் இருக்கிறது. குளிர்ந்திருக்கிறது.

*

எண்ணெய் காற்றுக்குக் காத்திருக்கிறது. இரும்பு காற்றுக்குக் காத்திருக்கிறது.

கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கருமருந்துக்கு வெளிக்காற்று வேண்டாம். எரியத் தேவையான ஆக்சிஜன் உப்புக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றும் ஒரே வினை. வேகம் வேறு.

*

எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடமாகவே மிஞ்சும். வெள்ளைப் புகை அதுதான். குழலில் படியும் கசடும் அதுதான்.

கசடு ஈரத்தை இழுக்கும். கழுவாமல் விட்டால் குழலுக்குள் துரு.

சுட்டவர்கள் அன்றே வெந்நீர் வைக்கிறார்கள்.

*

சுத்தியல் மெல்ல விழுகிறதா என்று பொறியை இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் தாங்கி இறக்குகிறேன்.

சின்னச் சத்தம்.

கேட்ட பிறகு அறை முன்னைவிட அமைதி.

*

இப்படிச் சுத்தியல் தட்டும் பொறிக்கு முந்தையதில் சக்கிமுக்கிக் கல். கல் எஃகில் உரசும். தீப்பொறி பக்கத்துக் கிண்ணத்து மருந்தில் விழும். அது எரிந்து துளை வழியே உள்ளே போகும். பிறகுதான் குண்டு.

ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் பறவை வேட்டைக்குப் போவார். கிண்ணத்தின் பளிச்சைக் கண்டதும் பறவை விலகிவிடும். அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்க வழி தேடினார். தட்டினால் வெடிக்கும் உப்பைக் கொண்டு ஒரு பொறி. காப்புரிமை 1807இல்.

பளிச்சுக்கும் குண்டுக்கும் நடுவே இருந்த நேரம் போயிற்று.

பறவை அதில்தான் தப்பித்துக்கொண்டிருந்தது.

*

ஒரு நீண்ட மூச்சு. யாருடையது என்று பார்த்தால் என்னுடையது.

*

சோடா உப்புக் கரைத்த நீரைக் குழலின் மேல் ஊற்றுகிறேன். துரு நிற்கிறது.

துடைத்து, சூடு காட்டி, தேன்மெழுகு.

பழுப்பு ஒரு படி ஆழ்கிறது. பளபளப்பு இல்லை. வெளிச்சம் அதன் மேல் விழுந்து அங்கேயே இருக்கிறது.

*

கழுத்தின் மேல் ஒரு சிறு வெள்ளித் தகடு பதிக்கிறேன். முட்டை வடிவம். பெட்டியில் வந்ததல்ல.

பழைய கைத்துப்பாக்கிகளில் உடையவரின் பெயரெழுத்து அங்கே இருக்கும்.

உளிமுனையால் மரத்தில் வடிவம் வெட்டுகிறேன். தகட்டின் தடிப்பளவு ஆழம். தகடு இறங்குகிறது. விரல் தடவினால் எது மரம் எது வெள்ளி என்று தெரியவில்லை. குளிர்ச்சி மட்டும் வேறு.

எழுத்து எதுவும் வெட்டவில்லை.

விளக்கு அதில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது.

*

பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த கைத்துப்பாக்கிகள் உள்ளங்கைக்குள் அடங்கும். வால்நட் கட்டை. ஒரே குண்டு. 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனின் ஃபோர்டு அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத்தின் கையில் இருந்தது அதில் ஒன்று. அந்தக் குண்டில் லிங்கன் மறுநாள் காலை இறந்தார்.

துப்பாக்கி அதே அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசலை எடுத்துவிட்டுப் போலி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. 1997இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் பரிசோதித்தது. பழைய நிழற்படங்களில் கட்டையின் மேல் தெரியும் மர இழையும், கையில் இருந்த கட்டையின் மர இழையும் ஒன்றாக இருந்தன.

அசல்தான்.

மரம் தன் வரிகளை வைத்திருந்தது.

*

மேசையில் கட்டை. பழுப்புக் கீற்றுகள் எண்ணெய்க்கு அடியில் தெரிகின்றன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்.

இவை யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

*

பொருத்துகிறேன்.

குழல் மரப்பள்ளத்தில் இறங்குகிறது. பொறி உட்காருகிறது. விசைக்காப்பு. திருகுகள் ஒவ்வொன்றாக. திருப்புளி கடைசிக் கால் சுற்றில் கனக்கிறது. அங்கே விடுகிறேன்.

பல பொருள்கள் இருந்த இடத்தில் ஒன்று.

*

கையில் எடுக்கிறேன். எடை முன்பக்கம் சாய்கிறது. கை தானாக அதைச் சமன் செய்கிறது.

கை எதையும் குறிபார்க்கவில்லை. குறிபார்க்கும் வடிவத்தில் இருக்கிறது.

இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே வைக்கிறேன்.

*

மேசையைத் துடைக்கிறேன். மரத்தூள், இரும்புத்தூள், பித்தளைப்பொடி எல்லாம் ஒரே குவியலாக. காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் எழுந்து வருகிறது.

விரல் நகங்களில் கறை. தேநீரும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. சோப்புக்குப் போகாது. நகம் வளர்ந்தால்தான் போகும்.

*

திணிகோல் மரத்தாலானது. குழலைவிடச் சற்று நீளம்.

வாய்வழித் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கோலை உள்ளே விடுகிறார்கள். வாயோடு ஒட்டிய இடத்தில் ஒரு கோடு. கோலை எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கோல் அடிவரை போயிருந்தால் காலி. முன்னமே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இதில் கோல் அடிவரை போகிறது.

பரணிலிருந்தும் அருங்காட்சியகப் பேழைகளிலிருந்தும் எடுத்த பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் கோல் பாதியில் நின்றிருக்கிறது. கெட்டித்தவர் சுடாமலே வைத்துவிட்டுப் போனவை. அவற்றைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் எரியும்.